வத்தல்மண்டித் தெருவின் பசிகள்

வாராவாரம் வயிற்றில் குத்திக்கொள்ளும் அந்த ஊசி மருந்து பசியைக் கொன்றுவிடுகிறது என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது பிழை. சாதாரணப் பிழை அல்ல, பூமி தட்டை என்று நம்புவதற்கு நிகரான, தலைமுறைகளைக் கெடுக்கக்கூடிய பிழை; ஆகவே மேற்கொண்டு ஒரு வரி எழுதுவதற்கு முன் அதைத் திருத்திவிடுவது கடமை. பசி சாவதில்லை. அதற்குச் சாகத் தெரியாது. மனிதன் நெருப்பைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே பிறந்து, எத்தனையோ பஞ்சங்களைப் பார்த்து, அரசர்களையும் அவர்களுடைய யானைகளையும் ஒன்றுபோலவே நடத்திய ஒன்று, ஒரு மயிரிழை ஊசிக்கு உயிரை விட்டுவிடும் என்று எதிர்பார்ப்பது அதை அவமதிப்பதாகும். ஊசி இறங்கியதும் பசி எழுந்திருக்கும், சோம்பல் முறிக்கும், வேறு இடம் பார்த்துப் போகும். எங்கே போகும் என்பதைப் பாறைக்குடி வத்தல்மண்டித் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள்.

அந்தத் தெருவில் முதலில் ஊசி போட்டுக்கொண்டவர் பால்ராசு அண்ணாச்சி. மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம், வர்த்தக சங்கத் தலைவர், சுகர்க்காரர். செருப்புக் கடித்த புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்ததைப் பார்த்த மதுரை டாக்டர், பேனா மாதிரி ஒன்றைக் கொடுத்து ஞாயிறுதோறும் தொப்புளுக்குப் பக்கத்தில் குத்திக்கொள்ளச் சொன்னார். மருந்தின்மேல் குற்றம் சொல்ல இந்தக் கதையில் இடமில்லை. புண் ஆறியது, சுகர் இறங்கியது, வேட்டி இடுப்பில் நிற்க மறுத்ததால் அண்ணாச்சி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெல்ட் வாங்கினார். தெரு அந்தப் பெல்ட்டைப் பார்த்தது. முதலில் பார்த்தவள் அவருடைய மனைவி செண்பகவல்லி. அவளுக்குச் சுகர் இல்லை, ஆனால் மகள் கல்யாணத்துக்கு எடுத்துவைத்த பட்டு இருந்தது. அடுத்து அந்த மகள். அவளாகப் பார்க்கவில்லை, பார்க்க வைத்தார்கள். மகனுக்குப் பெண் பார்க்க வந்த தேனி ஏலக்காய் வியாபாரி சோலையப்பன், எல்லாம் பிடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைக்கும்போது, "பொண்ணு கொஞ்சம் பூசுனாப்ல இருக்கு, தைக்குள்ள பார்த்துக்கிடுங்க" என்று, சுவரில் ஏதோ வெடிப்பு இருப்பதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெண்ணின் பெயர் சுபிக்‌ஷா. பஞ்சமில்லாத செழிப்பான காலம் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். அந்தப் பெயரை ஆசையோடு வைத்த செண்பகவல்லிதான், பெண் பெரியவளானதிலிருந்து அவளுடைய இலையில் இரண்டாம் தடவை சோறு விழாமல் பார்த்துக்கொண்டவள்.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரும் கூடத்துச் சோபாவில் வரிசையாக உட்கார்ந்து குத்திக்கொண்டார்கள். மூன்று பசிகளும் எழுந்தன. ஒரு வீட்டுப் பசிக்கு அந்த வீட்டில் தெரிந்த வழி ஒன்றே ஒன்று, அடுக்களைக்குப் போகிற வழி. அந்த வழியே நடந்து, நிலைப்படியில் தலை குனிந்து, அடுப்பருகே நின்றிருந்த சமையல்காரி உலகம்மாளின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்தன. அவள் கையில் கரண்டியோடு கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். யார் வந்தாலும் நகர்ந்து இடம் கொடுத்து அவளுக்குப் பழக்கம்.

எது யாருடைய பசி என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. வருஷக்கணக்காக அவற்றுக்குச் சோறு போட்டவள் அவள். அண்ணாச்சியின் பசி ஈரல் வறுவல் கேட்டு, மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களை அதட்டுவதுபோல அதட்டியது. செண்பகவல்லியின் பசி சாப்பாட்டு நேரத்தில் வாயே திறக்காது. சாயங்காலம், யாரும் பார்க்காத நேரம் பார்த்து, வாழைக்காய் பஜ்ஜி கேட்கும். சுபிக்‌ஷாவின் பசி சின்னது. 'போதும், எந்திரி' என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தது. ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, தயிர்ச்சோறு என்று சொல்ல வரும், பிறகு சொல்லாமலே நிறுத்திக்கொள்ளும்.

இங்கே அந்தத் தெருவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டு ஆண் சாப்பிட்டு இலை மடித்து எழுந்த பிறகு பெண்கள், பெண்கள் எழுந்த பிறகு சமையல்காரி. அண்ணாச்சியின் இலை மடியாமல் அடுக்களையில் ஒரு கை நனையக்கூடாது. இந்த ஒழுங்கை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் மீறியதும் இல்லை. இதைவிட விசேஷம், உலகம்மாளின் வயிற்றுக்குள் குடிவந்த பசிகளும் அதே வீட்டுப் பசிகள் என்பதால், உள்ளேயும் அதே ஒழுங்கு நடந்தது: அவள் ஒரு வாய் சோறு போட்டால் முதலில் அண்ணாச்சியின் பசி எடுத்துக்கொண்டது, பிறகு செண்பகவல்லியின் பசி, பிறகு கூச்சத்தோடு சுபிக்‌ஷாவின் பசி, கடைசியில் ஏதாவது மிஞ்சினால் உலகம்மாளின் சொந்தப் பசி. மிஞ்சவில்லை. அவளாலும் அதிகம் சாப்பிட முடியாது, ஏனென்றால் அவளுக்கும் சுகர்.

அவளுக்கும் ஊசி உண்டு. வேறு ஊசி, தர்ம ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இன்சுலின், போட்டுக்கொண்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சுகர் பாதாளத்துக்குப் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். இத்தனை காலமாக அவளுக்கு அதில் சிரமமே இருந்ததில்லை. அண்ணாச்சியின் இலையில் மோர் விழுகிற சத்தம் கேட்டால் அவள் ஊசியைப் போடுவாள். மோருக்கும் இலை மடிப்பதற்கும், அதன்பின் பெண்கள் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுவதற்கும், அவளுடைய முதல் கவளத்துக்கும் இடைவெளி சரியாக இருக்கும். பஞ்சாங்கம் பிழைத்தாலும் அண்ணாச்சியின் மோர் பிழைக்காது. இப்போது பசியில்லாத அண்ணாச்சி இலையில் உட்கார்ந்ததுமே "மோர் மட்டும் ஊத்து" என்றார். மோர் விழுந்தது, ஊசி இறங்கியது, இலை மட்டும் மடியவில்லை. அவசரமில்லாதவர்கள் எப்படிச் சாப்பிடுவார்களோ அப்படி, ஒரு பருக்கையை மோரில் நீந்தவிட்டு, போனில் குண்டூர் விலை நிலவரம் பேசி, மறுபடி பருக்கையைப் பார்த்து, மறுபடி பேசி, அவர் உட்கார்ந்தே இருந்தார். அடுக்களையில் உலகம்மாளுக்குக் கை நடுங்கியது, கண் இருட்டியது, முதுகில் வியர்வை ஓடியது.

"அக்கா, ஊசி போட்டா ஒடனே சாப்பிடணும்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்காக. அண்ணாச்சி எந்திரிக்க முன்னயே நான் ரெண்டு வாய் தின்னுக்கிடட்டுமா?" என்று செண்பகவல்லியிடம் கேட்டாள்.

"ஆம்பள இலை மடிக்காம அடுக்களையில கை நனைஞ்சா வீடு வெளங்குமா உலகு? உனக்குத் தெரியாததா?"

"கை நடுங்குதுக்கா."

"நானுந்தான் ஊசி போட்டிருக்கேன். காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. நடுங்குதா பாரு." செண்பகவல்லி கையை நீட்டிக் காட்டினாள். நடுங்கவில்லை. அவளுடைய பசி உலகம்மாளின் கண் வழியாக அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அப்புறம், உன் மருந்துப் புட்டிய ஃபிரிட்ஜுல இருந்து எடுத்துரு. எங்க பேனா அங்க இருக்கு. விலை கூடுனது. ஒண்ணு கெடக்க ஒண்ணு மாறிப்போயிரும்."

உலகம்மாள் புட்டியை எடுத்து, ஈரமணல் கொட்டிய மண்சட்டியில் புதைத்து, பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பேனாக்கள் முட்டைத் தட்டில் முட்டைகளோடு குளிர்ந்தன.

பக்கத்து வீட்டில் சமைக்கிறவள் சந்தனமாரி, உலகம்மாளின் அண்ணன் மனைவி. காய்கறி வண்டியிடம் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள்.

"என்ன உலகு, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு?"

"மூணு பேரு வந்து உள்ள உக்காந்திருக்காக மதினி."

"மூணுதானா? நீ குடுத்து வச்சவ. எனக்கு அஞ்சு. அதுல ஒண்ணு அமெரிக்காவுல இருந்து லீவுக்கு வந்த மருமகனோடது. ராவும் பகலும் பிட்சா பிட்சாங்குது. அந்தக் கருமத்த நான் எங்க போயித் தேட?"

"சொல்லிப் பார்த்தியா?"

"சொன்னேனே. அவரு பசிய நீ நல்லா பாத்துக்கிடணும், வெளிநாட்டுப் பசின்னு எங்க வீட்டம்மா சொல்லுறா."

இப்படியாகத் தெரு முழுக்கப் பசிகள் இடம்பெயர்ந்தன, தெருவும் அதற்கு ஏற்பத் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டது. டாக்டரிடம் கேட்டபோது, சமையல்காரிக்குப் பசிக்கிறதென்றால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள், பயப்பட வேண்டாம் என்றார். சஷ்டி விரதத்தில் தன் பசி சமையல்காரியிடம் இருந்தால் விரதத்தின் பலன் யாருக்கு என்று ஒருவர் கோயிலில் கேட்டார். பலன் பசிக்கு உரியவருக்கே, சுமப்பவருக்கு அல்ல என்று பதில் வந்தது, தெரு நிம்மதியடைந்தது. கல்யாணத் தரகர்கள் நட்சத்திரம், படிப்பு, பவுனுக்குப் பிறகு 'பசி வெளியே இருக்கிறது' என்றும் சொல்லத் தொடங்கினார்கள். சமையல்காரி தாங்கமாட்டாள் என்று பட்ட வீடுகளுக்கு, மழை பொய்த்த கிராமங்களிலிருந்து பசியாட்களை அழைத்துவர ஏஜெண்டுகள் கிளம்பினார்கள். ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்கள், சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்பது அவர்களுடைய விளம்பரம். வேலையாள் வைத்துக்கொள்ளாத ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வீட்டில் மட்டும், அவரே சமைத்து அவரே சாப்பிடுவதால், பசி அடுக்களை வரை போய் யாரும் இல்லாததைக் கண்டு அவரிடமே திரும்பி வந்தது. மருந்து போலி என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மை தன் வீட்டு வாசலில் வந்து நின்றும் அடையாளம் தெரியாதவர்களில் அவரும் ஒருவர்.

பிறகுதான் அந்தப் புகார் எழுந்தது. சாப்பிடுகிறவர்கள் எல்லாம் பருக்கையை எண்ணிக்கொண்டிருக்க, வீட்டில் அரிசி மட்டும் முன்பைவிட வேகமாகத் தீருகிறதே? சமையல்காரிகள் தின்கிறார்கள். சுகர் இல்லாதவர்கள் தின்னத்தான் செய்தார்கள். ஐந்து பேருடைய பசியை உள்ளே வைத்துக்கொண்டு ஒருத்தி வேறு என்ன செய்வாள்? வர்த்தக சங்கம் கூடியது. பால்ராசு அண்ணாச்சி தலைமை. மைக்கில் தீர்மானம் வாசிக்கப்பட்டது: சமையல் வேலை செய்வோர் தத்தம் சொந்தப் பசிக்கு மட்டுமே உண்ண வேண்டும், பிறர் பசிக்கு உண்பது திருட்டு. கரகோஷம். கண்காணிப்பது எப்படி? மண்டியில் தராசு இருக்கிறது.

மூட்டை நிறுக்கிற தராசில், வத்தல் தூசி பறக்க, தும்மிக்கொண்டே, பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். திங்கட்கிழமை காலையில் சமையல்காரிகள் ஏறி, கூடியதற்கு ஏச்சு வாங்கினார்கள். அதே தராசில் ஞாயிறு மாலையில் வீட்டார் ஏறி, குறைந்ததற்குக் கைதட்டல் வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கூடியதும் குறைந்ததும் ஏறக்குறைய ஒரே எடை என்பதைத் தராசு கவனித்தது. தராசுக்குச் சங்கத்தில் ஓட்டு இல்லை. உலகம்மாள் மட்டும் வாராவாரம் குறைந்துகொண்டே வந்தாள். "பாருங்க, எங்க உலகு எப்படிக் கட்டுப்பாடா இருக்கா" என்று செண்பகவல்லி மற்றப் பெண்களிடம் பெருமைப்பட்டாள்.

தை பிறந்தது. கல்யாணம் மண்டபத்தில். ரவிக்கை பொருந்திய சுபிக்‌ஷா, பசியோ சிரிப்போ இல்லாத ஒரு பொம்மையாக மணவறையில் உட்கார்ந்திருந்தாள். தெருவின் சமையல்காரிகள் எல்லோரையும் பரிமாற வரச்சொல்லியிருந்தார்கள். வந்த விருந்தாளிகளில் பாதிக்குமேல் ஊசிக்காரர்கள். மண்டபத்தில் போக இடம் தெரியாமல் நின்ற பசிகளெல்லாம் சமையற்கட்டுக்கு வழி கேட்டுக் கேட்டு வந்து, அங்கே நின்ற பெண்களுக்குள் நெருக்கியடித்து ஏறின. உலகம்மாளுக்குள் இப்போது எத்தனை என்று அவளுக்கே தெரியவில்லை. ஏலக்காய் வாசத்தோடு ஒன்று வந்து மற்றவற்றை முழங்கையால் தள்ளியது, அது சோலையப்பனுடையது.

முதல் பந்திக்கு இலை விழுந்தது. உப்பு வைத்தாயிற்று, இனிப்பு வைத்தாயிற்று, அன்னத்தில் ஆவி பறந்தது. பந்தி நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று உலகம்மாளுக்குத் தெரியும். பரிமாறுகிறவர்களை முதல் பந்திக்குப் பாயசம் விழுந்ததும் சாப்பிடச் சொல்லிவிடுவதாக அண்ணாச்சியே வாக்குக் கொடுத்திருந்தார். அவள் ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

யாரும் உட்காரவில்லை.

"சம்பந்தி வீட்டார் முதல்ல உக்காரணும்" என்றார் பால்ராசு அண்ணாச்சி.

"பொண்ணு வீட்டுப் பெரியவுக உக்காராம நாங்களா? நல்லா இருக்கே" என்றார் சோலையப்பன்.

"உங்க பக்கத்துல இருந்து தொடங்குறதுதான் முறை."

"முறையெல்லாம் உங்ககிட்ட நாங்க படிக்கணும். நீங்க உக்காருங்க, நாங்க பின்னாலயே வாறோம்."

உலகத்தில் பசியின்மை இவ்வளவு மரியாதையாகப் பேசிய சந்தர்ப்பம் வேறு இருக்காது. ஒருவர் தோளை ஒருவர் தொட்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்து இலைப்பக்கம் இழுத்து, இழுபட்டவர் பின்வாங்கி, இரண்டு குடும்பமும் ஒரு பெரிய நடனம்போல அசைந்துகொண்டிருக்க, முதல் பந்தி இலைகள் ஈ மொய்க்கக் காத்திருந்தன. சமையற்கட்டு வாசலில் உலகம்மாளின் சேலை நனைந்து முதுகோடு ஒட்டியது. இடுப்பில் செருகியிருந்த கருப்பட்டித் துண்டை வாயில் போட்டாள். நாக்கில் படுவதற்குள் அண்ணாச்சியின் பசி அதை எடுத்துக்கொண்டது. சந்தனமாரி ஓடிப்போய் ஒரு கை சீனி அள்ளி வந்து ஊட்டினாள். அதைச் சோலையப்பனின் பசி எடுத்துக்கொண்டது.

"மதினி, எனக்கு ஆள் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

"உக்காரு. இந்தா, இப்படியே தரையில உக்காரு."

"இங்கன உக்காந்தா செத்துருவேன்" என்றாள் உலகம்மாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சம்பந்திக்கென்று விட்டிருந்த முதல் வரிசையின் முதல் இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அன்னத்தில் கை வைத்தாள்.

மண்டபத்தில் நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

"ஏ உலகு, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? எந்திரிடி" என்று செண்பகவல்லி வந்தாள். "ஏங்க, இவளத் தூக்கச் சொல்லுங்க."

உலகம்மாள் பிசைவதை நிறுத்தவில்லை. அண்ணாந்து அண்ணாச்சியைப் பார்த்தாள். "சங்கத்துத் தீர்மானந்தான அண்ணாச்சி. என் பசிக்கு மட்டுந்தான் சாப்பிடுறேன். வேணும்னா தராசக் கொண்டாங்க."

முதல் பந்தியின் முதல் இலையில் உட்கார்ந்தவருக்குத்தான் முதல் கவளம். இதுவும் எழுதி வைக்காத வழக்கம், பசிகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. அத்தனை காலமாகக் கடைசி வரிசையில் நின்ற அவளுடைய சொந்தப் பசி எழுந்து முன்னால் வந்தது. முதல் வாயை அது எடுத்துக்கொண்டது. இரண்டாம் வாயையும். மற்றப் பசிகள் தங்களை உபசரிப்பார்கள் என்று கொஞ்ச நேரம் பார்த்தன. உபசரிக்கவில்லை. அவள் தனக்கு வேண்டியதை, தன் சுகருக்கு ஏற்றதை, அளவாகச் சாப்பிட்டு, பாயசத்தை ஒதுக்கி, இலையைத் தன்பக்கமாக மடித்தாள். மாப்பிள்ளை வீட்டார் மரியாதை குறைந்தால் எப்படி எழுந்து துண்டை உதறிவிட்டு வெளியேறுவார்களோ அப்படியே அந்தப் பசிகள் எழுந்தன, உதறின, வெளியேறின, தத்தம் சொந்தக்காரர்களைத் தேடிப் போயின. அதைப் பார்த்த சந்தனமாரியும் மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து அடுத்தடுத்த இலைகளில் உட்கார்ந்தார்கள். அவர்களிடமிருந்தும் எழுந்து போயின. அமெரிக்கப் பசி மட்டும் வாசல் தெரியாமல் கொஞ்சம் தடுமாறியது.

மாதக்கணக்கில் வெளியே இருந்த பசி ஒரே நொடியில் வீடு திரும்பினால் என்ன ஆகும் என்று எந்த டாக்டரும் எழுதவில்லை. "முதல்ல நீங்க" என்று தோளில் வைத்த கையாலேயே பால்ராசு அண்ணாச்சி சோலையப்பனைத் தள்ளினார். சோலையப்பன் வடைக் கூடையைக் கைப்பற்றினார். பரிமாறுகிறவர்கள் எல்லோரும் பந்தியில் இருந்ததால் பரிமாற ஆளில்லை. பட்டு வேட்டிகள் சாம்பார் வாளிக்குள் கையை விட்டன. வைர மூக்குத்தி அணிந்த ஒரு பெண் அப்பளக் கூடையின் மேல் உட்கார்ந்துகொண்டு யாரையும் நெருங்க விடவில்லை. செண்பகவல்லி தூணுக்குப் பின்னால் திரும்பி நின்று, இரண்டு கன்னமும் புடைக்க, எதையோ மென்றுகொண்டிருந்தாள், அழுதுகொண்டும் இருந்தாள்.

சுபிக்‌ஷா மணவறையிலிருந்து இறங்கி வந்து, மாலையோடு உலகம்மாளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ரவிக்கையின் கொக்கி ஒன்று தெறித்தது.

"உலகக்கா, தயிர்ச்சோறு இருக்கா?"

உலகம்மாளுக்கு வியர்வை அடங்கியிருந்தது, நடுக்கம் நின்றிருந்தது. பழைய பழக்கத்தில் எழப்போனவள் எழாமல் உட்கார்ந்தாள். "அண்டாவுல இருக்கு. போயி வேணுங்கிற மட்டும் எடுத்துக்க. யாரும் போதும்னு சொன்னா என்கிட்ட வந்து சொல்லு."

சுபிக்‌ஷா போனாள். இரண்டாம் தடவையும் போனாள்.

அண்ணாச்சி இன்றும் ஞாயிறுதோறும் ஊசி போட்டுக்கொள்கிறார். அவருக்கு அது தேவை. அவருடைய பசி அடுக்களை நிலைப்படி வரை போய், எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, அவர் நாற்காலிக்குக் கீழே படுத்துக்கொள்கிறது. மண்டித் தராசில் மிளகாய் மூட்டைகளை மட்டுமே நிறுக்கிறார்கள். அந்த வீட்டில் மதியச் சாப்பாடு எப்போதும்போல ஒரு மணிக்குத்தான். உலகம்மாள் பன்னிரண்டரைக்குச் சாப்பிடுகிறாள்.